விமானிக் கைக்கடிகாரங்கள்: வாசகர் கேள்வி - பதில்

பழைய விமானிக் கடிகாரங்களைச் சேர்ப்பது, கட்டுவது, பராமரிப்பது பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எச்.எம்.டி. நிறுவனத்தின் 'பைலட்' கைக்கடிகாரத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அதனால் அந்தப் பதில் மட்டும் கொஞ்சம் நீளம்.

எச்.எம்.டி. பைலட் வாட்ச் ஒன்று வாங்க ஆசை. ஆன்லைனில் நீலம், ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று பல நிற டயல்களில் கிடைக்கிறது. எல்லாமே 'அசல், பழையது' என்கிறார்கள். எதை நம்புவது?
- வாசகர், ஓசூர்

கறுப்பு டயலை மட்டும் தேடுங்கள். பழைய பைலட் என்றால் கறுப்பு டயல், அதில் வெள்ளை எண்கள், உள்ளே சாவி கொடுக்கும் 17 கல் (அச்சுகள் தேயாமல் தாங்கும் சிறு கற்கள்) மெஷின். மெஷினின் எண் 0231. சாவிக் குமிழைச் சேர்க்காமல் அளந்தால் உறை ஏறத்தாழ 35 மி.மீ. இருக்கும். பட்டை கோக்கும் இடம் 18 மி.மீ. பளபளக்கும் ஆரஞ்சு, கிளிப்பச்சை டயல்களில் பெரும்பாலானவை பழைய டயலைச் சுரண்டிவிட்டு மறுபடி வண்ணமடித்து அச்சிட்டவை.

பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது 1961-ல். கடிகாரப் பிரிவை மூடும் முடிவு வந்தது 2016-ல். இடைப்பட்ட காலத்தில் ஒரே குடும்பத்து மெஷின் பல மாடல்களுக்குள் போனது. ஓடாத ஒரு சாதாரண எச்.எம்.டி.யைப் பிரித்து, மெஷினைக் கழுவி, உறையைப் பாலிஷ் போட்டு, 'பைலட்' என்று அச்சடித்த டயலை மாட்டுவது அதனால் மிக எளிது. அப்படிச் செய்த வாட்ச் நன்றாகவே ஓடலாம். ஆனால் அது பைலட் இல்லை, பைலட்டுக்கான விலையைக் கொடுக்கவும் கூடாது.

கையில் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருக்கட்டும். முதலில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். அசல் அச்சில் ஓரம் கூர்மையாக இருக்கும், மறு அச்சில் மை கசிந்து தடித்திருக்கும். அடுத்து நிமிடக் கோடுகள். 12, 3, 6, 9 எண்களுக்கு நேராக அந்தந்தக் கோடு விழ வேண்டும், ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். குட்டையாக நின்றுவிட்டால் அது வேறு வாட்சின் முள். டயலில் உள்ள ஒளிரும் பூச்சும் முள்ளில் உள்ள பூச்சும் ஒரே அளவு பழுத்திருக்க வேண்டும். டயல் பழுப்பேறியும் முள் பளிச்சென்றும் இருந்தால் முள்ளை மாற்றியிருக்கிறார்கள்.

பட்டை கோக்கும் கால்களின் விளிம்பும் கதை சொல்லும். பாலிஷ் சக்கரத்தில் பலமுறை போன உறையில் விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருக்கும். அந்தக் காலத்து எச்.எம்.டி. உறைகளில் பல பித்தளைமேல் குரோம் பூசியவை. குரோம் போன இடத்தில் வியர்வை பட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். லேசான களிம்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்மூடி உட்காரும் விளிம்பையே அரித்திருந்தால் வேண்டாம், அதில் இனி தூசியைத் தடுக்க முடியாது.

பிறகு பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் வாங்காதீர்கள். ஸ்க்ரூ தலைகள் கிழிந்திருக்கிறதா, சாவித்தண்டு நுழையும் பகுதியில் துரு இருக்கிறதா, மெஷினில் 0231 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். சாவித்தண்டைச் சுற்றித் துரு என்றால் அந்த வழியாக ஒருநாள் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். கடைசியாக 10 சுற்று சாவி கொடுத்துக் கிடையாக வையுங்கள். ஆட்டாமலே பேலன்ஸ் சக்கரம் (இருபுறமும் மாறி மாறி ஆடி நேரத்தை அளப்பது) சுழலத் தொடங்க வேண்டும். டயல் மேலே, டயல் கீழே, சாவிக்குமிழ் கீழே என்று திருப்பித் திருப்பிப் பிடியுங்கள். ஒரு நிலையில் மட்டும் தள்ளாடினால் பேலன்ஸ் அச்சின் முனை தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

'விமானப்படை கொடுத்த வாட்ச்' என்று கூடுதல் விலை சொன்னால், பின்மூடியில் படைத்துறைக் குறியீடு எங்கே என்று கேளுங்கள். டயலில் பைலட் என்று எழுதியிருப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது.

ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தான். ஜாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அசல் டயலின் அச்சை நேரில் கண்ணால் பார்த்துவிட்டால் போலியைப் பிடிக்க லென்ஸே வேண்டியிருக்காது.

கிரானைட் பாலிஷ் போடும் யூனிட்டில் வேலை. என் சாவி வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு நிமிடம் முந்தி ஓடுகிறது. உள்ளே தூசி போய்விட்டதா?
- வாசகர், பர்கூர்

உள்ளே தூசி போனால் வாட்ச் பிந்தும், இல்லாவிட்டால் நின்றுபோகும். ஒரே நாளில் நிமிடக்கணக்கில் முந்தினால் முதலில் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள். பெரிய மோட்டார், ஸ்பீக்கர், போன் உறையில் இருக்கும் காந்தப் பூட்டு, இதில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். காந்தம் ஏறினால், பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும். பேலன்ஸ் வேகமாக ஆடும்.

சிறிய திசைகாட்டி ஒன்றை மேசையில் வைத்து வாட்சை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள் துள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் நீக்கும் சிறு கருவி வாட்ச் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். வாட்சை அதன்மேல் வைத்து, பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே வாட்சை மெல்ல மேலே தூக்கிக்கொண்டு போங்கள். அரை மீட்டருக்கு மேல் விலகிய பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பலரும் தவறு செய்வது இங்கேதான். வாட்ச் கருவியின் மேலேயே இருக்கும்போது பொத்தானை விட்டால் முன்பைவிட அதிகமாகக் காந்தம் ஏறிவிடும். இரண்டு, மூன்று முறை செய்தும் முந்துகிறதென்றால் ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் ஒட்டியிருக்கலாம், அல்லது அடிபட்டுச் சுருள் கோணியிருக்கலாம். அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

விமானிக் கடிகாரம் செய்தவர்களை வாட்டியதும் இதே தொல்லைதான். விமானி அறை முழுக்க மின்கருவிகள். பிரிட்டன் விமானப்படைக்காக 1948-ல் சுவிஸ் நிறுவனமான ஐ.டபிள்யூ.சி. செய்யத் தொடங்கிய மார்க் 11 கைக்கடிகாரத்தில் மெஷினைச் சுற்றி மெல்லிரும்புக் கூடு உண்டு. டயல் ஒரு பக்கம், பின்மூடிக்குள் இன்னொரு மூடி மறுபக்கம். காந்தம் மெஷினுக்குள் நுழையாமல் இரும்பு வழியாகவே சுற்றிப் போய்விடும். மார்க் 11 ஒன்று விலைக்கு வந்தால் இந்த உள்மூடி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல சர்வீஸ்களில் அது தொலைந்துபோயிருக்கும். எச்.எம்.டி. பைலட்டில் இந்தக் கூடு கிடையாது. எனவே வேலை நேரத்தில் மோட்டார் பக்கம் அதைக் கட்டாதீர்கள். கிரானைட் தூசியும் கண்ணாடியைக் கீறும். அங்கே ஒரு குவார்ட்ஸ் வாட்ச் போதும்.

தாத்தா வைத்திருந்த, இரண்டாம் உலகப்போர் காலத்து வாட்ச் ஒன்று இருக்கிறது. எண்களில் பூசியது பழுப்பாகிவிட்டது, இருட்டில் ஒளிர்வதில்லை. ரேடியம் செத்துப்போய்விட்டது, பயமில்லை என்கிறார் மெக்கானிக். சரியா?
- வாசகி, பென்னாகரம்

தவறு. இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

அந்தக் காலப் பூச்சில் இரண்டு பொருள் உண்டு: ரேடியம், துத்தநாக சல்பைடு. ரேடியத்தின் கதிர் பட்டு ஒளிர்வது சல்பைடுதான். சில பத்தாண்டுகளில் சல்பைடு கருகி ஒளிர்வதை நிறுத்திவிடும். ரேடியம் அப்படியேதான் இருக்கும். அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். ஒளி போய்விட்டது என்பதற்குக் கதிர் போய்விட்டது என்று பொருளில்லை. முட்கள் நெடுநாள் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அவற்றின் நிழல்போல டயலில் பழுப்புக் கருகல் விழுந்திருக்கும். அது ரேடியம் என்பதற்கு நல்ல அடையாளம்.

மூடிய வாட்சைக் கையில் எடுத்துப் பார்ப்பதில் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து அந்தப் பூச்சின் தூளில் இருக்கிறது. உதிர்ந்த துகள் மூச்சிலோ வாயிலோ போனால் எலும்பில் போய்த் தங்கும். அமெரிக்காவில் 1920-களில் டயலுக்குப் பூச்சு தீட்டிய பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் நோயுற்று இறந்தார்கள். எனவே வாட்சை வீட்டில் திறக்காதீர்கள். சுரண்டவோ வாயால் ஊதவோ கூடாது. திறந்த வாட்சில் தூசியை ஊதித் தள்ளும் பழக்கம் மெக்கானிக்குகளுக்கு உண்டு. 'இதில் ரேடியம் இருக்கிறது' என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அவருக்கும் அது பாதுகாப்பு. ரேடியத்திலிருந்து ரேடான் வாயு வரும். அதனால் இப்படிப் பல வாட்ச்களை மூடிய பீரோவில் அடுக்கக் கூடாது. காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தலையணைக்கு அடியில் வேண்டாம், தினமும் கட்டவும் வேண்டாம். கண்ணாடிக்குள் பூச்சு பொடிப்பொடியாகக் கிடந்தால் வாட்சைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.

பிற்காலத்து வாட்ச் என்றால் டயல் முகப்பின் கீழ்ப்பகுதியில் 'டி' என்ற ஆங்கில எழுத்தைத் தேடுங்கள். அது டிரிட்டியம். 12.3 ஆண்டுகளில் பாதியாகும், 25 ஆண்டுகளில் ஏறத்தாழக் கால் பங்குதான் மிஞ்சும். அதன் கதிர் வாட்ச் கண்ணாடியைத் தாண்டாது. முதலில் ரேடியம் பூசியிருந்த மார்க் 11 டயல்கள் பலவற்றை பிரிட்டன் விமானப்படையே பிறகு டிரிட்டியத்துக்கு மாற்றி, வட்டத்துக்குள் 'டி' போட்டது. டார்ச் அடித்துவிட்டு இருட்டில் பார்க்கும்போது பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அது இரண்டுமில்லை, அண்மையில் யாரோ புதிதாகப் பூசியது.

ஜெர்மன் விமானிகளின் 55 மி.மீ. வாட்சின் படம் பார்த்து மயங்கிவிட்டேன். என் மணிக்கட்டு மெலிந்தது. கட்டலாமா?
- வாசகர், ஊத்தங்கரை

அது சட்டைக் கைக்கு வெளியே, தடித்த விமானி ஜாக்கெட்டின் மேல் கட்டுவதற்காகச் செய்தது. பட்டை நீளமாக இருப்பதும், கையுறையோடு திருகுவதற்குச் சாவிக்குமிழ் வெங்காயம்போலப் பருத்திருப்பதும் அதனால்தான். ஏ. லாங்கே, லாகோ, ஸ்டோவா, வெம்பே, ஐ.டபிள்யூ.சி. ஆகிய ஐந்து நிறுவனங்கள் செய்தன. 'ஏ' வகை டயலில் வழக்கமான மணி எண்கள். 1941-ல் வந்த 'பி' வகையில் வெளிவட்டம் முழுக்க நிமிட எண்கள், உள்ளே சிறு வட்டத்தில் மணி எண்கள். இரண்டிலும் 12-ன் இடத்தில் முக்கோணம். உறையின் பக்கவாட்டில் எஃப்.எல். 23883 என்று பொறித்திருக்கும்.

ஐந்து நிறுவனங்களின் வாட்சிலும் விநாடி முள் நடுவில்தான். விநாடி முள் தனியாகச் சிறு வட்டத்தில் ஓடினால் அது பாக்கெட் வாட்ச் மெஷினை உறையில் போட்டு விற்பது. சந்தையில் அதுதான் அதிகம்.

உங்களுக்கு இன்று வரும் 39, 40 மி.மீ. மறுவடிவங்கள் போதும். மணிக்கட்டின் தட்டையான மேல்பகுதியைக் குறுக்கே அளந்துகொள்ளுங்கள். வாட்சில் பட்டை கோக்கும் ஒரு கால் நுனியிலிருந்து எதிர்க்கால் நுனிவரை உள்ள நீளம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். விற்பவர்கள் உறையின் விட்டத்தை மட்டும் சொல்வார்கள். நீளத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சுற்றுவிளிம்பில் எண்கள் நிறைந்த வாட்ச் ஒன்று பரிசாக வந்தது. கணக்குப் போடலாம் என்கிறார்கள். எப்படி?
- கல்லூரி மாணவர், தர்மபுரி

பிரைட்லிங் நிறுவனம் 1952-ல் நேவிடைமரில் விமானிகளுக்காகக் கொண்டுவந்த சுழல் கணக்குச் சட்டம் (ஸ்லைடு ரூல்) அது. இப்போது பல நிறுவனங்கள் வைக்கின்றன. முதலில் வெளிவட்டத்தின் 10-ஐ உள்வட்டத்தின் 10-க்கு நேராகத் திருப்புங்கள். மற்ற எல்லா எண்களும் நேருக்கு நேர் விழுந்தால் கணக்குப் போடலாம். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 45 கி.மீ. பஸ் 50 நிமிடத்தில் போகிறது, சராசரி வேகம் என்ன? வெளிவட்டத்தின் 45-ஐ உள்வட்டத்தின் 50-க்கு நேராக வையுங்கள். உள்வட்டத்தின் 60-க்கு நேராக வெளியே பாருங்கள்: 54. மணிக்கு 54 கி.மீ. சட்டத்தை அசைக்காமல் உள்வட்டத்தின் 20-க்கு நேராகப் பார்த்தால் 18. அதாவது 20 நிமிடத்தில் 18 கி.மீ. மைலேஜும் இதே வழிதான். 4 லிட்டரில் 180 கி.மீ. ஓடினால் வெளியே 18-ஐ உள்ளே 40-க்கு நேராக வைத்து, உள்ளே 10-க்கு நேராகப் படியுங்கள். 45 வரும். புள்ளி எங்கே என்பதைச் சட்டம் சொல்லாது, 4.5-ஆ 45-ஆ என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒகேனக்கல் போகும்போது பழைய வாட்சைக் கட்டிக்கொண்டு போகலாமா? வெயிலில் தோல் பட்டை நாறுகிறது.
- வாசகர், பாலக்கோடு

அருவிக்கு வேண்டாம். தண்ணீர் புகாது என்று டயலில் எழுதியிருந்தாலும், அதைத் தடுக்கும் 40 வருட ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். எண்ணெய் மசாஜ் செய்துகொள்வதாக இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். எண்ணெய் தோலுக்குள் ஊறினால் போகாது, ரப்பரையும் ஊதவைக்கும்.

மார்ச் முதல் ஜூன் வரை தோலைக் கழற்றி நைலான் பட்டை போடுங்கள். வாட்சுக்கு அடியில் ஒரே துண்டாக ஓடும் வகை நல்லது, வியர்வை நேராகப் பின்மூடியில் படாது. வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசி நிழலில் காயவையுங்கள். ராணுவ வாட்ச்கள் சிலவற்றில் பட்டைக் கம்பி உறையோடு பற்றவைத்தே வரும், கழற்றவே முடியாது. அதற்கும் இந்த ஒரே துண்டுப் பட்டைதான் பொருந்தும். கம்பியை அறுத்து வேறு கம்பி போடச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள், வாட்சின் மதிப்பு அங்கேயே போய்விடும்.

சர்வீஸ் செய்து இரண்டு வாரத்தில் வாட்ச் நின்றுவிட்டது. பெட்ரோலில் கழுவி எண்ணெய் விட்டதாகச் சொன்னார்கள். எங்கே தவறு?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பிரிக்காமல் கழுவியதில்தான். மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கினால் பழைய எண்ணெய் கரைந்து கல் குழிகளுக்குள் போய் உறைந்துவிடும். அதன்மேல் புது எண்ணெய் விட்டால் நிற்காமல் பரவிவிடும். எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணெய் விடுவது அடுத்த தவறு. மெல்லச் சுழன்று கனமாக அழுத்தும் சக்கர அச்சுகளுக்குக் கெட்டி எண்ணெய், வேகமாகச் சுழலும் பேலன்ஸ் கல்லுக்கு மோபியஸ் 9010 போன்ற மெல்லிய எண்ணெய், மெயின்ஸ்பிரிங்குக்குக் கிரீஸ். சக்கரத்தின் உந்துதலைப் பேலன்ஸுக்குக் கடத்தும் கவை, அதாவது பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகளுக்கு எண்ணெயே கூடாது. அங்கே விட்டால் பிசுபிசுத்து ஆட்டம் குறையும். கல் குழியில் எண்ணெய் பாதியளவுதான் இருக்க வேண்டும், வழிந்தால் மொத்தமும் வெளியே இழுபட்டுக் கல் வறண்டுவிடும்.

அடுத்த மெக்கானிக்கிடம் மூன்று கேளுங்கள். முழுக்கப் பிரிப்பீர்களா? எத்தனை வகை எண்ணெய் வைத்திருக்கிறீர்கள்? முடித்ததும் டைம்கிராஃபர் (வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) படத்தைக் காட்டுவீர்களா? முழுச் சாவி கொடுத்து டயல் மேலே இருக்கும்போது பேலன்ஸின் ஆட்டம் 250 டிகிரிக்கு மேலும், செங்குத்தாகப் பிடிக்கும்போது 220-க்குக் குறையாமலும் இருந்தால் பழைய எச்.எம்.டி.க்கு நல்ல சர்வீஸ். பீட் எரர், அதாவது பேலன்ஸின் இரு பக்க ஆட்டத்துக்கும் இடையிலான நேர வித்தியாசம், 1 மில்லி விநாடிக்குள் வரட்டும். ஒரு நாளைக்கு 20, 30 விநாடி முந்துவதும் பிந்துவதும் சகஜம், அதற்காக மறுபடி பிரிக்கச் சொல்லாதீர்கள்.

நான்கு சாவி வாட்ச் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தினமும் சாவி கொடுக்க வேண்டுமா?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

வேண்டாம். கட்டும் வாட்சுக்கு மட்டும் தினமும் காலையில், கையில் கட்டுவதற்கு முன் சாவி கொடுங்கள். கையில் கட்டியபடி திருகினால் சாவித்தண்டு பக்கவாட்டில் அழுந்தித் துளை தேயும். இறுகி நிற்கும் இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மற்ற மூன்றுக்கும் மாதம் ஒருமுறை கொடுத்து ஓடவிட்டால் போதும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். பூச்சி உருண்டை மட்டும் வேண்டாம், அதன் ஆவி டயல் பூச்சுக்கு ஆகாது.